லூசில் விற்கும் அச்சு சிலிகான்: ஏழு மாதம் பயன்படுத்திய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சரக்கு நல்ல சரக்கு. விற்கிற விதம்தான் சரியில்லை.

மதுரையில் மாசி வீதிகளுக்கு நடுவே ஒரு சந்தில், ஃபைபர் வேலைக்கான ரெசின், மேட், ஜெல்கோட் எல்லாம் விற்கும் கடையில் வாங்கினேன். ஒரு பொருளின் மேல் ஊற்றினால் ரப்பராக இறுகி அதற்கு அச்சாகிவிடும் அச்சு சிலிகான் ஒரு கிலோ, கூடவே கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு குட்டிப் பாட்டிலில் அதை இறுக வைக்கிற ஹார்டனர், இரண்டும் சேர்த்து 850 ரூபாய். பெரிய டிரம்மிலிருந்து வெள்ளை டப்பாவில் ஊற்றி எடை போட்டுத் தருகிறார்கள். டப்பாவின் மேல் கம்பெனிப் பெயர் இல்லை, தேதி இல்லை, எவ்வளவுக்கு எவ்வளவு கலக்க வேண்டும் என்று ஒரு வரி கூட இல்லை. கடைப் பெயரைக் கேட்காதீர்கள், போட மாட்டேன். கடைக்காரர் நல்ல மனுஷன், அவரை மாட்டிவிட இதை எழுதவில்லை. அடுத்து வாங்கப் போகிறவர் என்னைப் போல இரண்டு தடவை ஏமாறக் கூடாது, அவ்வளவுதான்.

இது எனக்கு எதற்கு என்றால், நான் ரயில் மாடல் செய்கிறவன். 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்காக, அதுவும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் இருக்கும் மீட்டர் கேஜ். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிக்குப் போன சின்ன ரயிலில் சின்ன வயதில் போனவர்களுக்கு இந்தக் கிறுக்கு புரியும். 2010 முடிவோடு அதை நிறுத்தி, தண்டவாளத்தைப் பிரித்து, அகல ரயில் பாதையாக்கி, 2022-ல் தேனி வரைக்கும் 2023-ல் போடி வரைக்கும் திரும்ப ஓடவிட்டார்கள். ரயில் வந்துவிட்டது, அந்தக் குட்டிப் பெட்டிகள் வரவில்லை. அதை மாடலாக எங்கேயும் ரெடிமேடாக வாங்க எனக்குக் கிடைக்கவில்லை, நாமேதான் செய்ய வேண்டும். ஒரு மீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5 மி.மீ., அதனால் 12 மி.மீ. தண்டவாளத்தில் ஓடவிடலாம், அது பிரச்சினையில்லை. பிரச்சினை என்னவென்றால், ஒரு பெட்டிக்குக் கீழே இரண்டு போகி (சக்கரங்களைத் தாங்குகிற அடிவண்டி), ஒவ்வொரு போகிக்கும் இரண்டு பக்கச் சட்டம், ஆக ஒரு பெட்டிக்கு நான்கு. ஆறு பெட்டி ரயில் என்றால் 24. ஸ்ப்ரிங், ஆக்சில் பாக்ஸ், போல்ட் தலை எல்லாம் வைத்து ஒரு சட்டத்தைக் கையால் செய்யவே எனக்கு நான்கு ராத்திரி ஆனது. மீதி 23-ஐயும் அப்படியே செய்தால் ரயில் போய்ச் சேருவதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிடுவேன். அதனால் மாஸ்டர் என்று ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்து, அதற்கு அச்சு எடுத்து, மற்றதை வார்த்துக்கொள்வது என்று இறங்கினேன்.

கடையில் கேட்டேன், "எவ்வளவுண்ணே ஹார்டனர் ஊத்தணும்?" அவர் யோசிக்கவே இல்லை. "கால் கிலோவுக்கு ரெண்டு மூடி ஊத்துங்க தம்பி, சும்மா கல்லு மாதிரி ஆயிரும்."

சொன்னபடியே ஊற்றினேன். மே மாதம், மத்தியானம் மூன்று மணி, மாடி அறை. கலக்கிக்கொண்டிருக்கும்போதே கரண்டி கனத்தது. சட்டத்தை வைத்திருந்த அச்சுப் பெட்டிக்குள் பாதி ஊற்றுவதற்குள் மீதி டம்ளருக்குள்ளேயே பால்கோவா மாதிரி திரண்டு நின்றுவிட்டது, மொத்தமாக நான்கு நிமிஷம் கூட இருக்காது. பெட்டிக்குள் போன பாதியும் சட்டத்தின் மூலைகளுக்குள் இறங்காமல் மேலே மேடு கட்டி நின்றது. கால் கிலோ சரக்கு, இருநூறு ரூபாய்க்கு மேல், குப்பைக்குப் போனது.

பிறகுதான் விஷயத்தை ஒழுங்காகப் படித்தேன். அச்சு சிலிகானில் பெரும்பாலும் இரண்டு ஜாதி. ஒன்று டின் வகை, தகர உப்பை வைத்து இறுகுவது. இன்னொன்று பிளாட்டினம் வகை. பிளாட்டினம் வகையில் இரண்டு பாகமும் சரிக்குச் சரி, அல்லது பத்துக்கு ஒன்று என்று வரும். குட்டிப் பாட்டிலில் சொட்டுச் சொட்டாக ஹார்டனர் கொடுத்தால் அது அநேகமாக டின் வகைதான், நம் கடையில் விற்பதும் அதுதான். அதற்கு எடையில் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பங்கு வரைக்கும் ஹார்டனர், பொதுவாக மூன்று போதும். கால் கிலோவுக்கு ஏழரை கிராம். கடைக்காரர் சொன்ன இரண்டு மூடியைப் பிறகு எடை போட்டுப் பார்த்தேன், 19 கிராம் வந்தது. கூடப் போட்டால் சீக்கிரம் இறுகுவது மட்டும் இல்லை, அச்சு அதிகமாகச் சுருங்கும், நாளாவட்டத்தில் வறண்டு பொடபொடவென்று பிய்யவும் செய்யும். இதில் மதுரை வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூடு ஏற ஏற இறுகும் வேகம் கூடும். அதே மூன்று பங்குக்கு விடிகாலை ஐந்தரை மணிக்கு எனக்கு 25 நிமிஷம் போல நேரம் கிடைத்தது, மத்தியானம் அதில் பாதி கூட இல்லை. இப்போது கோயில் நடை திறக்கிற நேரத்தில்தான் நானும் கடை விரிக்கிறேன்.

இங்கே தராசைப் பற்றி ஒரு வார்த்தை. சமையல்கட்டில் இருக்கும் டிஜிட்டல் தராசு ஒரு கிராம் ஒரு கிராமாகத்தான் காட்டும். நான் ஊற்றுவது தடவைக்கு நூறு கிராம், அதற்கு ஹார்டனர் மூன்று கிராம். ஒரு கிராம் முன்னே பின்னே போனால் மூன்றில் ஒரு பங்கு தப்பு. நகை எடை போடும் குட்டித் தராசு, கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டுவது, அதை வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் சிலிகான் வாங்குங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

சரி, இரண்டாவது ஏமாற்றம். இதுதான் உண்மையான புகார்.

முதல் பாட்டில் ஹார்டனரை வீணடித்ததால் இன்னொரு பாட்டில் வாங்கப் போனேன். அவர் அன்றைக்குக் கடையில் இல்லை, வேலைக்கு நின்ற பையன் எடுத்துக் கொடுத்தான். அதே மாதிரி குட்டிப் பாட்டில், அதே மாதிரி நிறமில்லாத தண்ணீர், எழுத்து கிடையாது. தராசில் மூன்று கிராம் அளந்து, மெதுவாகக் கலக்கி, விடிகாலையில் ஊற்றிவிட்டு, நல்ல பிள்ளையாகக் காத்திருந்தேன். சாயங்காலம் தொட்டுப் பார்த்தேன், ஈரம். மறுநாள் காலை, ஈரம். மூன்றாம் நாள் உறையாத தயிரில் விரலை விட்ட மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. சந்தேகத்தில் பாட்டிலை மோந்து பார்த்தேன், மூக்கைச் சுருக்குகிற காரமான நெடி. முதல் பாட்டிலில் அந்த நெடி இல்லவே இல்லை. பையன் கொடுத்தது ஃபைபர் ரெசினுக்குப் போடுகிற கேட்டலிஸ்ட். கடை மொழியில் அதுவும் ஹார்டனர், இதுவும் ஹார்டனர். ஆனால் ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு வேலை செய்யவே செய்யாது.

சிலிகான் வீணானது கூடப் பரவாயில்லை. அந்த ஃபைபர் கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதே ஷெல்ஃபில் ஊதா நிறத்தில் கோபால்ட் என்று ஒன்று வைத்திருப்பார்கள், கேட்டலிஸ்டையும் கோபால்ட்டையும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் வெடிக்கும். இப்படிப்பட்ட சாமானைப் பேர் எழுதாத பாட்டிலில் கொடுப்பது என்ன பழக்கம் என்று புரியவில்லை. மாஸ்டரைக் காப்பாற்றியது மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும்தான். அரை நாள் தேய்த்தேன். ஒரு போல்ட் தலை போய்விட்டது, மற்றபடி பிழைத்தது.

மூன்றாவது தடவை கடைக்காரரே எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அந்தப் பாட்டிலில்தான் இது என்ன சரக்கு என்று தெரிந்தது. மூன்று பங்கு போட்டு ராத்திரி முழுக்க விட்டு, காலையில் பெட்டியைப் பிரித்தால், தோசையைத் திருப்புகிற மாதிரி அலுங்காமல் வந்தது. விரலால் வளைத்தால் வளைகிறது, விட்டால் பழையபடி நிமிர்கிறது. உள்ளே பார்த்தால் ஸ்ப்ரிங்கின் ஒவ்வொரு சுற்றும் தெரிகிறது. ஆக்சில் பாக்ஸ் பக்கத்தில் என்னமோ கோடு கோடாக இருக்கிறதே என்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். என் கட்டைவிரல் ரேகை. மாஸ்டரில் எம்-சீல் அமுக்கும்போது பதிந்திருக்கிறது, தேய்க்காமல் விட்டிருக்கிறேன். இப்போது என் ரயிலின் 24 சட்டத்திலும் என் கைநாட்டு இருக்கிறது. மாஸ்டரில் என்ன இருக்கிறதோ அதை இந்தச் சிலிகான் ஒளிக்காமல் காட்டிக்கொடுக்கும், அதனால் மாஸ்டரை முடித்த பிறகு ஒரு கோட் பிரைமர் அடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

எவ்வளவு சிலிகான் கலக்க வேண்டும் என்பதற்கு ஒரு எளிய வழி. மாஸ்டரைப் பெட்டிக்குள் வைத்து, ஊற்ற வேண்டிய உயரம் வரைக்கும் கேழ்வரகைக் கொட்டுங்கள், அதை அப்படியே டம்ளரில் கவிழ்த்துக் கோடு போடுங்கள். அரிசியும் போடலாம், ஆனால் கேழ்வரகு சந்து பொந்தில் ஒழுங்காக இறங்கும். பிறகு பெட்டியை நன்றாக ஊதிவிடுங்கள். நான் ஒரு தடவை விட்டுவிட்டு, ஒரு அச்சில் கேழ்வரகு மணி அளவுக்கு ஒரு குழி, வார்க்கிற ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு பரு. வீட்டில் அம்மா வேறு, களி கிண்டுகிற மாவில் இனிமேல் எதைக் கலக்கப்போகிறாயோ என்று ஒரு வாரம் சொல்லிக் காட்டினார்.

பக்கச் சட்டத்துக்கு ஒரு பக்க அச்சே போதும், பின்பக்கம் தட்டை. கூரை மேலே வரும் காற்றுப்போக்கிக் குமிழுக்குத்தான் இரண்டு துண்டு அச்சு வேண்டியிருந்தது, அதில் முதல் இரண்டு முறையும் அச்சின் இரண்டு துண்டும் பிரிகிற கோடு குமிழின் நடு முதுகில் ஓடி அசிங்கமாகத் தெரிந்தது. விளாச்சேரி திருப்பரங்குன்றம் பக்கம்தானே, கொலு பொம்மைக்குப் பேர்போன ஊர், ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். ஒரு பட்டறையில் வயதான அம்மா ஒருவர் பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண்ணை அமுக்கிக்கொண்டிருந்தார். என்னுடைய ரப்பர் அச்சை வாங்கி, இழுத்துப் பார்த்து, சிரித்தார். "எங்க அச்சு கல்லு, வளையாது, அதனால ரொம்ப யோசிச்சு வெட்டணும். உனக்கு வளையுதுன்னு நீ யோசிக்கவே இல்ல போலயே ராசா." அப்புறம் ஒரு மீனாட்சி பொம்மையைத் திருப்பிக் காட்டினார். பொம்மைக்கு முன்னச்சு, பின்னச்சு. கோடு மூக்கு வழியாகப் போகாது, காதுக்குப் பின்னால் இறங்கித் தோள் ஓரமாகப் போய் சேலை மடிப்புக்குள் மறைந்துவிடும். பார்க்கிறவன் கண் எங்கே போகாதோ அங்கே கோட்டைக் கொண்டுபோ என்றார். வீட்டுக்கு வந்து, முதல் பாதி ஊற்றும்போது குமிழைப் பாதி புதைத்து வைக்கிற களிமண் படுகையை மாற்றி, கோட்டைக் குமிழின் அடி விளிம்புக்கு இறக்கினேன். இப்போது எனக்கே தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டு துண்டு அச்சில் மறக்கக் கூடாத ஒன்று வேஸ்லின். சிலிகான் வேறு எதிலும் அவ்வளவாக ஒட்டாது, ஆனால் சிலிகானோடு சிலிகான் ஒட்டினால் பிரிக்கவே முடியாது. முதல் பாதி இறுகியதும் அதன் முகம் முழுக்க மெல்லிசாக வேஸ்லின் தடவிவிட்டுத்தான் இரண்டாம் பாதியை ஊற்ற வேண்டும். மெல்லிசாக என்றால் உண்மையிலேயே மெல்லிசாக, தடிமனாகப் போனால் பிரஷ் கோடு கூடப் பதியும்.

குமிழியைப் பற்றி எல்லாரும் பயமுறுத்துவார்கள். என் அனுபவத்தில் இந்தச் சரக்குக்கு, காற்றை இழுத்துக் குமிழியை எடுக்கிற வாக்குவம் தேவையில்லை. முதலில் கொஞ்சம் எடுத்துப் பிரஷ்ஷால் மாஸ்டரின் மூலை முடுக்கெல்லாம் பூசிவிட்டு, மீதியை உயரத்திலிருந்து, எண்ணெய் ஒழுகுகிற மாதிரி மெல்லிய நூலாக, பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் ஊற்றினால் போதும். அந்த நூலில் குமிழிகள் இழுபட்டு உடைந்துவிடும். ஆசைக்காக ஒரு தடவை தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் தெரிந்தவர் நகைப் பட்டறையில் வாக்குவம் போட்டுப் பார்த்தேன். நகைக்காரர்களுக்கு நம் வேலை புதிதில்லை, மோதிரத்துக்கு ரப்பர் அச்சு எடுத்து, அதில் மெழுகைச் செலுத்தி, மெழுகைச் சுற்றி பிளாஸ்டர் மாதிரி மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டுத் தங்கத்தை ஊற்றுகிறவர்கள். அந்த மாவில் குமிழி போகத்தான் வாக்குவம். டம்ளரை உள்ளே வைத்துக் காற்றை இழுத்ததும் சிலிகான் பொங்கல் பானை மாதிரி எழும்பியது, மூன்று நான்கு மடங்கு, நான் குலவை போடாத குறை. கொஞ்ச நேரத்தில் தானாகவே உடைந்து அமுங்கிவிட்டது. அழகான காட்சி. ஆனால் அதற்குள் எட்டு நிமிஷம் போய்விட்டது, பட்டறைச் சூட்டில் ஊற்றுவதற்குள் கெட்டியாகிவிட்டது. சின்ன டம்ளரில் கொண்டுபோயிருந்தால் பட்டறை மேசையெல்லாம் நாறியிருக்கும்.

வார்ப்பதற்கு அதே கடையில் விற்கும் ஃபைபர் ரெசினை வாங்காதீர்கள். மலிவுதான், ஆனால் வீடு முழுக்க நாறும், அந்த நெடி சிலிகானுக்குள் ஊறி அச்சு சீக்கிரம் செத்துவிடும். நான் இரண்டு பாகமும் சரிக்குச் சரி கலக்கும் பாலியூரித்தேன் ரெசின் வரவழைத்தேன். ஊற்றும்போது தேன் நிறம், சில நிமிஷத்தில் ஒரு ஓரத்திலிருந்து வெள்ளை பரவி அப்படியே தந்தம் மாதிரி ஆகும், இருபது நிமிஷத்தில் எடுத்துவிடலாம். ஊற்றுவதற்கு முன் அச்சுக்குள் குழந்தைப் பவுடரைத் தூவித் தட்டிவிட்டால் ரெசின் மூலைக்குள் தானாக ஓடும். ஐப்பசி மழையில் மூடியைத் திறந்து வைத்துவிடாதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சி, வார்க்கும்போது நுரைத்துக்கொண்டு வரும்.

குறை என்று பார்த்தால் சுருக்கம். மாஸ்டர் சட்டம் வெர்னியரில் 42.0 மி.மீ. முதல் வாரம் வார்த்தது கிட்டத்தட்ட அதே அளவு, மூன்று மாதம் கழித்து அதே அச்சில் வார்த்தது 41.7. டின் வகைக்கு இது இயல்பு, இறுகிய பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே இருக்கும். ரயில் போகிக்கு இது ஒன்றுமே இல்லை. ஒன்றோடு ஒன்று செருகுகிற பாகம், கியர் மாதிரி ஏதாவது செய்கிறவர்கள் பிளாட்டினம் வகைக்குப் போங்கள், விலை கூட, ஆனால் சுருக்கம் மிகக் குறைவு. அதற்கு வேறு ஆசாரம் உண்டு: கந்தகம் கலந்த களிமண், ரப்பர் பேண்ட், லேடெக்ஸ் கையுறை, ஏன், டின் சிலிகான் பட்ட டம்ளர் கூட ஆகாது, பட்ட இடம் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். நம் டின் சரக்கு அப்படியெல்லாம் தீட்டுப் பார்ப்பதில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாடும் கலர் களிமண்ணில் படுகை போட்டாலும் இறுகிவிடும். இன்னொன்று, ஒரு அச்சில் முப்பது சட்டம் வரை எடுத்தேன், அதன் பிறகு ஸ்ப்ரிங் இருந்த இடத்தில் மெல்லிய சுவர்கள் கிழிய ஆரம்பித்தன. நூறு கிராம் அச்சு, 85 ரூபாய், முப்பது சட்டம். எனக்கு லாபம்தான்.

போன வாரம் திரும்ப ஒரு கிலோ வாங்கப் போனேன், பெட்டிகளின் முனையில் இடி தாங்குகிற பஃபர்களுக்கு அச்சு எடுக்க வேண்டியிருக்கிறது. விலை 50 ரூபாய் ஏறியிருக்கிறது. ஹார்டனர் ஷெல்ஃபைப் பார்த்தேன், குட்டிப் பாட்டில்கள் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால் சிலிக்கானு, பைபரு என்று எழுதியிருந்தது. பையனின் கையெழுத்தாம். "ஒங்களாலதான் தம்பி இந்த வேலை," என்றார் கடைக்காரர். கால் கிலோவுக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். ரெண்டு மூடி என்றார்.